பெயரை மாற்றி ஓட்டியபோது

பிப்ரவரி 6

எலி,

நேற்று நீ பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். போனை நடுவில் வைத்தால் மீதி காற்றோடு போய்விடும். கடிதத்தை நடுவில் மடக்கி வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும். கோபம் தணிந்ததும் எடுத்துப் படிக்கலாம்.

"ஊருக்கெல்லாம் நீ அம்மாவா இருக்க. எனக்கு மட்டும் ஆபீசரா இருக்க" என்றாய். வசனம் நன்றாகத்தான் இருந்தது. உன் அப்பா பக்கத்தில் நின்று ரசித்தார்.

உங்கள் கம்பெனி எங்கள் பத்திரிகையின் ஒப்பீட்டுச் சோதனைக்கு அனுப்பிய மடிக்கணினி எத்தனையாவது வருகிறது என்று, அச்சாவதற்கு முன்னால் உன் காதில் போட வேண்டும் என்று கேட்டாய். எனக்குத் தெரியாதடா. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன் என்பது வேறு விஷயம். அந்தப் பெட்டி வந்த அன்றே ஆசிரியரிடம் போய், "இதைச் செஞ்சவங்கள்ல ஒருத்தன் எனக்கு ரொம்ப வேண்டியவன். இதுல என் கை படக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். அது இப்போது என் எதிர் மேஜையில் இருக்கிறது. அந்த மேஜைக்காரர் நெற்றியில் ஒரு கண்ணாடியும் மூக்கில் ஒரு கண்ணாடியும் போட்டுக்கொண்டு வேலை செய்பவர். எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வோம். உன்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இதழ் வெளிவரும்வரை தெரியவும் கூடாது. தெரிந்தால் பாவம், அவர் கை கூசும்.

எப்படிச் சோதிக்கிறோம் என்பது எல்லா இதழிலும் அச்சாவதுதான். அதை மட்டும் சொல்கிறேன். எடை குறைந்த மடிக்கணினிகளாக எடுத்திருக்கிறோம். உள்ளே இருக்கும் சிப், நினைவகம் எல்லாம் ஏறத்தாழ ஒன்று. இயங்குதளம்தான் வேறு வேறு. சிலவற்றில் கைபேசிக்கென்று பிறந்த இயங்குதளத்துக்குக் கீபோர்டு மாட்டியிருக்கிறார்கள். சிலவற்றில் பெரிய கணினிக்கென்று பிறந்ததைப் பட்டினி போட்டு இளைக்க வைத்திருக்கிறார்கள். கைபேசி வம்சம் மூடியைத் திறந்ததும் 'என்ன வேணும்?' என்று முழித்துக்கொள்கிறது. ஆனால் நாலு வேலையைச் சேர்த்துக் கொடுத்தால் முதலில் கொடுத்ததை மறந்துவிடுகிறது. கணினி வம்சம் எதையும் மறக்காது. ஆனால் அது எழுந்திருப்பதற்குள் நமக்குத் தூக்கம் வந்துவிடும். எது எத்தனை சீக்கிரம் எழுகிறது, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது, மடியில் வைத்தால் சுடுகிறதா, கடினமான கணக்குகளை ஓட்டும் சோதனைப் புரோகிராமில் என்ன மதிப்பெண் வாங்குகிறது, இவ்வளவுதான்.

"அம்மாவும் புள்ளையும் ஒரே அச்சு. நடுவுல மாட்டிக்கிட்டவன் நான்" என்கிறார் அப்பா. சொல்லிவிட்டு அவர் கைபேசியில் சீட்டாடப் போய்விட்டார். மாட்டிக்கொண்டவர் மாதிரித் தெரியவில்லை.

அம்மா


பிப்ரவரி 15

அம்மா,

முதலில், என்னை எலி என்று எழுதாதே. கடிதம் ஆபீஸ் முகவரிக்கு வருகிறது. எனக்கு வயது முப்பத்தொன்று.

நான் உன்னிடம் ரகசியம் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்ல வந்தேன். அது கேள்வியாக வெளியே வந்துவிட்டது. நீயும் உடனே ஆபீசர் குரலுக்கு மாறிவிட்டாய்.

எங்கள் இடத்தை நீ பார்த்ததில்லை. டயர் கடைக்கு மேலே நான்காவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் ஒன்பது பேரின் வாடை. பல பள்ளிகளை நடத்தும் ஒரு நிர்வாகம் தன் வகுப்பறைகளுக்கெல்லாம் மடிக்கணினி வாங்கப் போகிறது. உங்கள் இதழைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆர்டர் வந்தால் எங்கள் குழு இருக்கும். வராவிட்டால் மேலிடம் எங்களைக் கலைத்துவிடும். இங்கே எல்லோரும் உன்னைச் 'சிவப்புப் பேனா' என்கிறார்கள். "சிவப்புப் பேனா கையில மாட்டினா அவ்ளோதான்" என்று மதியச் சாப்பாட்டில் பேசிக்கொள்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறேன். நீ என் அம்மா என்று இங்கேயும் யாருக்கும் தெரியாது.

கைபேசி வம்சம் மறந்துவிடும், கணினி வம்சம் தூங்கிவிடும் என்று எழுதியிருந்தாய். அம்மா, அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடிக்கத்தான் நான் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். நினைவகத்தில் இடம் போதாவிட்டால் கைபேசிக்காரர்கள் பின்னால் திறந்திருக்கும் ஆப்பைக் கொன்றுவிடுகிறார்கள். நாங்கள் கொல்வதில்லை. சுருட்டி ஓரமாக வைக்கிறோம். திரும்பக் கேட்டால் விரித்துக் கொடுக்கிறோம், எழுதிக்கொண்டிருந்த பாதி வார்த்தை உட்பட. எதைச் சுருட்டுவது, எதற்கு எவ்வளவு வேகம் கொடுப்பது என்று பங்கிடும் பகுதி முழுக்க என் கை.

எங்கள் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள். வாலு என்று கூப்பிடுவோம். வேலைக்கு விண்ணப்பம் போடும்போது கைபேசியில் நீளமாக ஒரு படிவத்தை நிரப்பியிருக்கிறாள். சான்றிதழ் எண்ணைப் பார்க்க வேறு ஆப்புக்குப் போய்த் திரும்பினால் படிவம் காலி. மறுபடி நிரப்பினால் மறுபடி காலி. அழுதுவிட்டேன் என்றாள். "அந்தப் படிவம் நம்ம மெஷின்ல காலியாகாது" என்று என்னால் இப்போது அவளிடம் சொல்ல முடியும். இதை நான் யாரிடம் பீற்றிக்கொள்வது? பெற்றவளிடம் பேசக் கூடாது என்று பெற்றவளே சட்டம் போட்டால்?

சரி, அப்பாவைச் சீட்டாட வேண்டாம் என்று சொல். கண் கெட்டுவிடும்.

உன் மகன் (எலி இல்லை)


மார்ச் 1

எலி,

வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சுருட்டி வைத்து விரித்துக் கொடுக்கும் இடத்தை மட்டும் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அதைப் பற்றி நிறைய எழுத ஆசை. ஆனால் இன்று எழுத வேண்டியது வேறு.

சோதனைப் புரோகிராம் ஓடும்போது மட்டும் உங்கள் கணினியின் அடிப்பாகம் கொதிக்கிறது என்று கண்ணாடிக்காரர் கவனித்திருக்கிறார். அதே அளவு கடினமான வேறு வேலை கொடுத்தால் சூடே இல்லை. அவருக்கு அது உறுத்தியிருக்கிறது. என்ன செய்தார் தெரியுமா? அதே சோதனைப் புரோகிராமை நகல் எடுத்து, அதன் பெயரை 'வெங்காயம்' என்று மாற்றி ஓட்டினார். உள்ளே ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. மதிப்பெண் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. பழைய பெயரை வைத்தார், ஏறியது. வெங்காயம் என்றார், விழுந்தது. மற்ற எந்தக் கணினியிலும் பெயர் மாற்றினால் ஒன்றும் ஆகவில்லை. உங்களுடையது மட்டும் தேர்வாளர் முகத்தைக் கண்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது.

அறையில் எல்லோர் முன்னாலும் உரக்கச் சொன்னார். அதனால்தான் எனக்குத் தெரியும். விளக்கம் கேட்டு எங்கள் ஆசிரியரின் கடிதம் உங்கள் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அச்சிடும் முன் கேட்போம். அது போய்ச் சேரட்டும் என்று காத்திருந்துதான் இதை எழுதுகிறேன்.

பங்கிடும் பகுதி முழுக்க உன் கை என்று எழுதியிருக்கிறாய். பத்திரிகைக்காரியாக நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவாக ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

உனக்குத் தெரியுமா?

அம்மா


மார்ச் 7

அம்மா,

திருடினாயா என்று கேட்பதற்குப் பதில் உனக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறாய். மரியாதைக்கு நன்றி.

அந்தப் பகுதியில் எனக்குத் தெரியாமல் ஒரு வரி நுழைய முடியாது. உங்கள் கண்ணாடிக்காரருக்கு இரண்டு கண்ணாடி போதவில்லை என்று நினைக்கிறேன். வெங்காயமாம்! சூட்டில் மதிப்பெண் ஏறும், இறங்கும். ஒரே வேலையை வரிசையாக ஓட்டினால் எந்தச் சிப்பும் களைத்துப்போகும். இது பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடத் தெரியும்.

சின்ன வயதில் கணக்கு நோட்டில் விடை சரியாக இருந்தாலும், "வழி எங்கடா?" என்று கேட்பாயே, அதே குரல். நான் வளர்ந்துவிட்டேன் என்பதை நீ எப்போதுதான் நம்பப் போகிறாய்?

இனி இதைப் பற்றி எழுதாதே.


மார்ச் 12

எலி,

நீ கோபப்பட்டிருக்கிறாய். கோபம் பதில் ஆகாது. கடிதம் முழுக்க ஓர் இடத்தில்கூட 'நான் பார்த்தேன்' என்று எழுதவில்லை.

பார்த்தாயா?

அம்மா


மார்ச் 24

அம்மா,

பார்க்கவில்லை. உன் கடிதம் வந்த பிறகும் நாலு நாள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்குத்தான் அவ்வளவு கத்தினேன் என்று இப்போது தெரிகிறது.

பிறகு வாலுவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அதே சோதனைப் புரோகிராமுக்கு 'வாலு' என்றே பெயர் வைத்து ஓட்டினேன். விழுந்தது. அவள், "நம்ம மெஷினுக்கு என்னைப் பிடிக்கல போல" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். மாற்றம் செய்தவர் யார், எப்போது என்ற விவரம் எங்கள் புரோகிராமிலேயே பதிவாகும். தேடினோம். நான் பல் பிடுங்கப் போய் லீவு போட்ட நாளில் நுழைந்திருக்கிறது. நாலைந்து சோதனைப் புரோகிராம்களின் பெயர்கள், அவற்றில் எது ஓடினாலும் சூட்டுக் கட்டுப்பாட்டைத் தூக்கிவிட்டு முழு வேகம் கொடு என்று ஒரு கட்டளை. நுழைத்தவர் எங்கள் குழுத்தலைவர். நான் எழுதிய வரிகளுக்கு நடுவில், நான் எழுதுகிற மாதிரியே எழுதியிருந்தார். அதுதான் அம்மா ரொம்ப வலித்தது.

அவர் அறைக்குப் போனேன். வாலுவும் கூடவே வந்தாள். நான் கூப்பிடவில்லை. உங்கள் ஆசிரியரின் கடிதம் அவர் மேஜைமேலேயே இருந்தது.

"எல்லாரும் செய்யறதுதாம்பா" என்றார்.

"மத்தவங்க மெஷின்ல பேரை மாத்தினா மாறலயே சார்."

"கொஞ்ச நாளைக்குத்தான். ஸ்கூல் ஆர்டர் கைக்கு வரட்டும், எடுத்துடலாம். புரோகிராம்ல ஏதோ பிழை, சரிபண்ணிட்டோம்னு பதில் எழுதிப் போடு."

"பிழைன்னா தானா வந்திருக்கணும் சார். இது நாம வெச்சது."

அவர் கெட்டவர் இல்லை அம்மா. மேலிடம் எங்களைக் கலைக்க வந்தபோதெல்லாம் குறுக்கே நின்றவர். ஒன்பது குடும்பத்துக்காகச் செய்தேன் என்றார். அது பொய்யும் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "நான் செஞ்சது நல்லா ஓடுது சார். அது ஜெயிக்கறதுக்கு நீங்க பொய் சொல்ல வேண்டியிருந்தா, அது தோக்கட்டும். தோத்தாலும் அது என்னோடதா இருக்கட்டும். இந்தக் கட்டளை இருந்தா, அந்தப் பகுதியிலேர்ந்து என் பேரை எடுத்துடுங்க. நானும் போயிடறேன்."

"யாரு கண்டுபிடிச்சாங்க, அந்தச் சிவப்புப் பேனாவா?"

"இல்ல. அவங்க எதிர் மேஜைக்காரர். சிவப்புப் பேனா இந்த மெஷினைத் தொடவே மாட்டேன்னுட்டாங்க."

"ஏன்?"

"அவங்க எங்கம்மா."

வாலுதான் முதலில் பேசினாள். "அதான் நீ புரோகிராம்ல எழுதற குறிப்புக்குக்கூட முற்றுப்புள்ளி வெக்கறியா!"

தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப பதிலையும் நீயே எழுது" என்றார். எழுதினேன். அதை அப்படியே தருகிறேன்:

'நீங்கள் கண்டது சரி. சோதனைப் புரோகிராமின் பெயரைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டும்படி நாங்களே வைத்திருந்தோம். அது பிழை அல்ல, தவறு. எடுத்துவிட்டோம். எங்கள் மதிப்பெண் இனிக் குறையும். குறைந்ததையே அச்சிடுங்கள். முன்பு என்ன நடந்தது என்பதையும் அச்சிடுங்கள்.'

கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னார். மாட்டேன் என்றேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கையெழுத்துப் போடாமல், கம்பெனி முத்திரையை மட்டும் குத்தி அனுப்பினார்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எனக்கு இங்கே வேலை இருக்குமா என்று தெரியாது. ஆனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. தெரியாது அம்மா. இப்போது தெரியும்.

எலி


மே 4

அம்மா,

ஏப்ரல் முழுக்க நீ ஒரு வரி எழுதவில்லை. இதழ் வரும்வரை எழுத மாட்டாய் என்று தெரியும். அதனால் கோபம் இல்லை. அப்பாதான் போனில், "அம்மா நல்லா இருக்கா, சாப்பிடறா, தூங்கறா, உன்னைப் பத்திப் பேச மாட்டேங்கறா. ஆனா உன் கடுதாசியை மாத்தி மாத்தி எடுத்துப் படிக்கறா" என்று உளவு சொன்னார்.

போன வாரம் இதழ் வந்தது. டயர் கடைக்காரர்தான் வாங்கிக்கொண்டு மேலே வந்தார். எங்கள் மெஷின் போட்டியில் இருப்பது அவருக்கும் தெரியும். எல்லோரும் என் மேஜையைச் சுற்றி நின்றோம். படிக்க யாருக்கும் தைரியம் இல்லாததால் வாலு படித்தாள்.

மூன்றாவது.

முதலிடம் கைபேசி வம்சத்துக்கு. நியாயம்தான். பேட்டரியில் எங்களைவிட எவ்வளவோ மேல், எழுந்திருப்பதில் கண் சிமிட்டும் நேரம். நாங்கள் செய்த தவறையும் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். அதை வாலு படிக்கும்போது தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் நாங்கள் கேட்டதால்தான் போட்டீர்கள் என்ற வரியும் இருந்தது. அந்த வரி வந்ததும் திரும்பினார்.

அப்புறம் அந்தச் சின்னப் பத்தி. முடியாத வேலைகளைத் திறந்து வைத்து மூடிவிட்டு, மறுநாள் திறந்து பார்க்கும் சோதனை. 'எழுதிய எதையும் இழக்காமல் திருப்பித் தந்தது இது ஒன்றுதான்.' அம்மா, மூன்றாவது இடத்தைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது என்றால் சிரிப்பாயா? அந்த 'ஒன்றுதான்' என்னுடையது. அதில் யாருடைய பொய்யும் கலக்கவில்லை.

பள்ளிகளின் ஆர்டர் முதலிடத்துக்கே போய்விட்டது. மேலிடம் கூப்பிட்டு, இந்த வருஷக் கடைசிவரை பார்ப்போம் என்றது. தலைவர்தான் போய்ப் பேசினார். அங்கே உண்மையை மறைக்காமல், தான் செய்தது என்று சொன்னாராம். இப்போது அவர் தலைவர் இல்லை, எங்களில் ஒருவர். என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கும் நேரத்தை எப்படிக் குறைக்கலாம் என்று இரண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை போடுகிறோம். நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று காலை ஓர் அம்மாள் படியேறி வந்தார். நீதிமன்றத்தில் சாட்சிகள் பேசுவதை உடனுக்குடன் தட்டச்சு செய்யும் பெண்களுக்குப் பொறுப்பாளர். உங்கள் பக்கத்தைக் கிழித்து மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். எங்கள் கணினியில் எதையெதையோ திறந்தார், பாதி வாக்கியம் அடித்தார், படாரென்று மூடினார், வாலுவோடு தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வந்து திறந்தார். பாதி வாக்கியம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. "மத்ததெல்லாம் வேகமா இருக்குங்க, எனக்கு வேகம் வேண்டாம். ஒரு ஆள் அழுதுகிட்டே சொன்னதை மறுபடி சொல்லச் சொல்ல முடியாது" என்றார். தன் பெண்களுக்கு வேண்டியதைக் கேட்டிருக்கிறார். பள்ளி ஆர்டருக்கு முன்னால் அது எள்ளளவு. ஆனாலும் ஒன்பது பேரும் வாசல்வரை போய் வழியனுப்பினோம்.

இப்போதாவது எழுதுவாயா?

எலி


மே 12

எலி,

எழுதுகிறேன். இப்போது எழுதலாம்.

உங்கள் பதில் எங்கள் அறைக்கு வந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆசிரியர் அதைக் கண்ணாடிக்காரரிடம் கொடுத்தார். அவர் மூக்குக் கண்ணாடியில் ஒரு முறை படித்தார், நெற்றிக் கண்ணாடியை இறக்கி ஒரு முறை படித்தார். பிறகு எழுந்து நின்று எல்லோருக்கும் படித்துக் காட்டினார். "இத்தனை வருஷத்துல எத்தனை கம்பெனிக்கு எழுதியிருக்கோம். எல்லாரும் பிழைன்னுதான் சொன்னாங்க. தவறுன்னு ஒருத்தர்கூடச் சொன்னதில்ல. குறைஞ்சதையே அச்சிடுங்கன்னு வேற எழுதியிருக்கான் பாருங்க. கையெழுத்து இல்ல. யாரா இருக்கும்?" என்றார். என் பக்கம்தான் பார்த்துக் கேட்டார். நான் ஒரு பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பின்பக்க எழுத்தைப் படிக்கிற மாதிரி நின்றேன். அதில் எழுத்தே இல்லை. பேசினால் உடைந்திருப்பேன், விதியும் உடைந்திருக்கும்.

மறுபடி முதலிலிருந்து எல்லாச் சோதனையும் செய்தார். யார் மேலும் இரக்கப்படாமல் செய்தார். மூன்றாவது என்றால் மூன்றாவதுதான், அதில் ஒரு மதிப்பெண்கூடப் பரிதாபத்துக்குப் போட்டது இல்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மூடித் திறக்கும் சோதனையன்று காலையில் அவர் வரிசையாக ஒவ்வொன்றாகத் திறந்தார். காலி, காலி, பாதி, காலி. உங்களுடையதைத் திறந்ததும் 'அடேயப்பா' என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. நான் எட்டிப் பார்க்கவில்லை. காதால் கேட்டதோடு சரி. அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன, ஒரே பூரிப்பா வர?" என்றார். வெயில் என்றேன்.

இதழ் வெளிவந்த நாளில் எல்லோரும் அவரவர் மேஜையில் புதுத்தாள் வாசனையோடு புரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து கண்ணாடிக்காரர் மேஜைக்குப் போனேன். எங்கள் அறை உனக்குத் தெரியும், அடிக்கிற போன்களுக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும். அன்று அப்படிக் கத்த வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கத்தித்தான் சொன்னேன்.

"அந்தப் பதிலை யார் எழுதினதுன்னு கேட்டீங்களே."

"ஆமா, தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். நான் பெத்தது."

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது, எலி. பார்க்கட்டும் என்று நின்றேன்.

அம்மா